ஆகாரைப் பற்றி நான்கு கேள்விகள்

கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் இருக்கும் கையுறைத் தொழிற்சாலையில் ஞானமலர் வேலைக்குச் சேர்ந்து முப்பத்தோரு வருடம் ஆகியிருந்தது. அதில் கடைசிப் பதினெட்டு வருடமும் கியூசி என்கிற சோதனைப் பிரிவில்தான். கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் பார்ப்பார்கள். விரல்நுனியில் ஒரு சொட்டு கோத்துக்கொண்டு நின்றால் போதும், மேனேஜர் எத்தனை அவசரப்படுத்தினாலும் ஞானமலர் கையெழுத்துப் போட மாட்டாள். அவள் கையெழுத்துப் போடாமல் லோரி கிளம்பாது. அந்த இடத்தில் அவளுக்கு யாரிடமும் பயம் கிடையாது.

பயம் வந்தது செப்டம்பர் மாதத்தில், திருமதி சின்னையா போன் செய்தபோது. பிரிக்பீல்ட்ஸ் சபையைச் சேர்ந்த அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வட்டாரத்தில் இருக்கும் பதினான்கு தமிழ்ச் சபைகளின் மாதர் ஐக்கியங்களுக்கும் தலைவி. எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'தான்.

"அடுத்த வருஷத்துக்கு வேதபாடப் புஸ்தகம் தேர்ந்தெடுக்கணும் ஞானமலர். மூணு பேர் கமிட்டி. நான், பெர்னிஸ், அப்புறம் நீங்க."

"டீச்சர், நானா? நான் பள்ளிக்கூடத்துல ஃபார்ம் த்ரீயோட நின்னவ. பெர்னிஸ் காலேஜ்ல பாடம் எடுக்கிறவங்க. அவங்க பக்கத்துல உக்காந்து நான் என்னத்தைச் சொல்லப்போறேன்?"

"அந்தப் புஸ்தகத்தை நானும் பெர்னிஸும் மட்டும் படிக்கப்போறதில்லையே. கிள்ளான்லயும் செந்தூல்லயும் உக்காந்து படிக்கிறது யாரு? ஞாயித்துக்கிழமை மூணு மணி. வந்துருங்க."

டீச்சர் வைத்துவிட்டார். ஞானமலர் போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் கணவன் மாரிஸ் போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுபவன். விஷயத்தைக் கேட்டதும் அவன்தான் அவளைவிட அதிகம் குதித்தான். மறுநாள் துறைமுக வாசலில் வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் சேதி போய்விட்டது. "என் வைஃப் இனிமே பைபிள் புஸ்தகத்துக்கும் கியூசி லா" என்று சொல்லிச் சிரித்தானாம். அன்று சாயந்திரம் அதை அவனே வந்து சொல்ல, அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். சபையின் மாடி அறையில் மேசைமேல் மூன்று புத்தகங்கள் இருந்தன. ஒன்று நீல அட்டை. வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், வேதத்தில் வரும் பெண்களைப் பற்றிப் பன்னிரண்டு பாடங்கள். வெளிநாட்டில் எழுதப்பட்டுத் தமிழுக்கு வந்தது. உள்பக்கத்தில் 'தமிழில்: பெர்னிஸ் கமலநாதன்' என்று போட்டிருந்தது. ஞானமலர் அந்தப் பெயரை இரண்டு முறை பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பெர்னிஸ், நாற்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடியைச் சரிசெய்தபடி கூச்சத்தோடு சிரித்தாள்.

"ஆறு மாசம் ஆச்சு சிஸ்டர், அதை முடிக்க. நான் மொழிபெயர்த்தேங்கிறதுக்காக மார்க் போடாதீங்க. நல்லா இருந்தா போடுங்க."

இரண்டாவது பச்சைப் புத்தகம். அதுவும் மொழிபெயர்ப்புதான். மூன்றாவது மெலிந்து கிடந்தது. மங்கலான அச்சு, படம் ஒன்றுகூட இல்லை. மட்டக்களப்பில் சில பெண்கள் சேர்ந்து எழுதியதாம். அதில் பதினோரு பாடங்கள்தான் இருந்தன.

டீச்சர் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். உபதேசம், மொழிநடை, அச்சு, கேள்விகளின் தரம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். வீட்டில் வைத்துப் படித்து டிசம்பர் முதல் ஞாயிறு கொண்டுவந்தால் போதும் என்றார்.

ஞானமலருக்கு அது மட்டும் ஒத்துவரவில்லை. கையுறையை மேசைமேல் வைத்துக் கண்ணால் பார்த்தால் எல்லாம் நல்ல கையுறைதான். தண்ணீர் ஊற்றினால்தானே தெரியும்? கிள்ளானில் சனிக்கிழமை நான்கு மணிக்குச் சபைக் கூடத்தில் கூடுகிற அவளுடைய குழுவில் பதினொரு பெண்கள். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்பவள், நர்சரி ஆயா, கிடங்கில் லேபல் ஒட்டுபவள், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள். அவர்களிடம் ஞானமலர் விஷயத்தைச் சொன்னாள். "ஒவ்வொரு புஸ்தகத்துலயும் நாலு பாடம் படிப்போம். நீங்க என்ன சொல்றீங்களோ அதான் என் மார்க்கு."

பாடங்களையும் அவள் வரிசையாக எடுக்கவில்லை. பெட்டியில் மேல் அடுக்கு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு புத்தகத்திலும் முதலில் ஒன்று, நடுவில் இரண்டு, கடைசியில் ஒன்று என்று பொறுக்கினாள்.

பச்சைப் புத்தகம் முதல் சனிக்கிழமையே மாட்டிக்கொண்டது. 'உங்கள் தோட்டத்தில் பனி உருகத் தொடங்கும் காலையில்' என்று ஆரம்பித்தது பாடம். "எங்க வீட்ல ஐஸ்பெட்டியிலதான் உருகும்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அதோடு கேள்விகளும் சப்பென்று இருந்தன. அன்னாள் ஜெபித்தாளா? ஜெபித்தாள். கர்த்தர் கேட்டாரா? கேட்டார். அரை மணி நேரத்தில் பாடம் முடிந்து, மீதி நேரம் கரிபாப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு பேசினார்கள். நான்கு வாரமும் இதே கதை.

நீலப் புத்தகம் அப்படி இல்லை. அதன் தமிழ் ஆற்றோட்டமாக இருந்தது. மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்துவிட்டுத் தமிழ் எழுத்தைப் பெரிய வயதில் கற்றுக்கொண்டவர்கள்கூடத் தடுமாறாமல் வாசித்தார்கள். ரூத்தைப் பற்றிய பாடம் முடிந்த அன்று நர்சரி ஆயா புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "இதையே வாங்குவோம்க்கா, வேற பாக்கவே வேணாம்" என்றாள். ஞானமலரும் மனதுக்குள் அதற்கே முதலிடம் கொடுத்துவிட்டாள்.

பிறகு ஆறாம் பாடம் வந்தது.

ஆகாரைப் பற்றிய பாடம் அது. ஆபிராம் வீட்டில் அடிமையாக இருந்த எகிப்துப் பெண். எஜமானி சாராய் கொடுமைப்படுத்த, வயிற்றில் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடிப்போகிறாள். நீரூற்றண்டை தேவதூதன் அவளைக் கண்டு, எஜமானியிடம் திரும்பிப் போய் அடங்கியிருக்கச் சொல்கிறான். பாடத்தின் தலைப்பு 'திரும்பி வந்தவள்'. வீட்டை விட்டு ஓடுகிற பெண்ணுக்குத் தேவன் காட்டுகிற வழி திரும்பிப் போவதுதான் என்று முடித்திருந்தார்கள். கடைசிக் கேள்வி: நீங்கள் எந்த இடத்துக்குத் திரும்பிப் போய் அடங்கியிருக்க வேண்டும் என்று தேவன் உங்களிடம் சொல்கிறார்?

அந்தக் கேள்வியை வாசித்தது வீரம்மா. நான்கு வருடத்துக்கு முன்னால், இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு, ஒரு பிளாஸ்டிக் பையில் துணியோடு அந்தக் கூடத்துக்கு வந்தவள். அந்தக் கையை ஒடித்தவன் அவள் புருஷன். பண்டமாரானில் அவளுக்கு அறை பார்த்துக் கொடுத்ததும், பள்ளிக் கேண்டீனில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும், அ, ஆ எழுதப் பழக்கியதும் இந்தப் பெண்கள்தான்.

வீரம்மா கேள்வியை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். அழவில்லை. குரலும் மாறவில்லை.

"அக்கா, அப்ப நான் திரும்பிப் போகணுமா?"

"அது அப்படி இல்லடி, அதுக்கு ஆவிக்குரிய அர்த்தம் இருக்கும்" என்றாள் யாரோ. "என்ன அர்த்தம்?" என்று வீரம்மா அவள் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் தெரியவில்லை.

எல்லோரும் ஞானமலரைப் பார்த்தார்கள்.

"எனக்கு இப்ப பதில் தெரியல வீரம்மா. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் டைம் குடு. ஆனா ஒண்ணு. நீ எங்கயும் போகப்போறதில்ல. அது மட்டும் எனக்குத் தெரியும்."

மறுநாள் ஆராதனை முடிந்து வந்து, மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் அவள் வேதப்புத்தகத்தோடு வாசல் போர்ச்சில் உட்கார்ந்தாள். மாரிஸ் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். ஆதியாகமம் பதினாறாம் அதிகாரத்தை எடுத்து அவன் காதில் விழும்படி வாசித்தாள். அடுத்து, ஆபிராம் ஆபிரகாமாகவும் சாராய் சாராளாகவும் பெயர் மாறுகிற பதினேழு, பிறகு பதினெட்டு. அவன் வாளியை வைத்துவிட்டுப் படியில் வந்து உட்கார்ந்தான்.

இருபத்தோராம் அதிகாரத்தில் ஆகார் மறுபடி வந்தாள்.

இந்த முறை அவள் ஓடவில்லை. வெளியே அனுப்பிவிட்டார்கள். கையில் கொஞ்சம் அப்பமும் துருத்தி என்கிற தோல்பையில் தண்ணீரும்தான். தண்ணீர் தீர்ந்தது. பிள்ளையைச் செடியடியில் விட்டுவிட்டு, அவன் சாவதைப் பார்க்க முடியாமல் தூரத்தில் போய் உட்கார்ந்து அழுதாள். தேவன் அவள் கண்களைத் திறந்தார். அங்கே ஒரு துரவு, தண்ணீருள்ள கிணறு, இருந்தது. பிள்ளை பிழைத்தான், வனாந்தரத்தில் வளர்ந்தான், தாய் அவனுக்குப் பெண்ணும் பார்த்துக் கட்டிவைத்தாள்.

"அப்ப திரும்பிப் போகச் சொல்லலியா?" என்றான் மாரிஸ்.

"இந்தத் தடவை சொல்லல."

"அப்புறம் எதுக்குலா பாதிக் கதையோட புஸ்தகத்தை நிறுத்துனாங்க?"

ஞானமலர் உள்ளே போய் நீலப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அவசரப்பட்டு ரிஜெக்ட் போடுவது அவள் பழக்கமில்லை. ஒருவேளை மீதிக் கதையை வேறு பாடத்தில் வைத்திருக்கலாம். பன்னிரண்டு பாடங்களையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். சாராளுக்கு ஒரு முழுப் பாடம் இருந்தது. அதிலும் ஆகாரை அனுப்பிவிட்ட இடம் இல்லை. எங்குமே இல்லை.

சனிக்கிழமை வீரம்மா வந்திருந்தாள், ஆனால் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில். ஞானமலர் நேராக அவளிடம் போய் வேதப்புத்தகத்தைக் கொடுத்து, "இருபத்தொண்ணாம் அதிகாரம். எட்டாம் வசனத்துலேருந்து நீ வாசி" என்றாள்.

வீரம்மா எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள். 'துருத்தி' என்ற சொல்லில் இரண்டு தடவை இடறினாள். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. துரவு வந்த இடத்தில் அவள் குரல் வேகமானது. முடித்துவிட்டு மறுபடியும் கடைசி வசனங்களைத் தனக்குள் வாசித்துப் பார்த்தாள்.

"அவ போகலியே" என்றாள்.

"போகல."

"ஆனா முந்தி போகச் சொன்னாரே?"

"சொன்னார். அப்ப வயித்துப் பிள்ளையோட தனியா காட்டுல கிடந்தா. ஏன் அப்படிச் சொன்னாருன்னு எனக்கு முழுசா விளங்கல வீரம்மா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கு அவகிட்டச் சொன்னதை எல்லாப் பொம்பளைங்களுக்கும் எல்லா நாளும் சொன்னதா எழுதுனது புஸ்தகம். வேதத்துல அப்படி இல்ல."

வீரம்மா எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வட்டத்துக்குள் வந்து போட்டாள். அன்றைக்குப் படிக்க வேண்டிய பாடத்தை யாரும் எடுக்கவில்லை. ஆறரை மணிவரை ஆகாரைப் பற்றியே பேசினார்கள். அவள் என்ன கோபத்தில் போயிருப்பாள், அந்தப் பிள்ளைக்கு எத்தனை வயது இருக்கும், ஆபிரகாமுக்கு ஒரு கழுதையைக்கூடக் கொடுக்கத் தோன்றவில்லையா என்று. ஞானமலர் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரங்களில் மெலிந்த புத்தகத்தையும் படித்தார்கள். அதன் தமிழ் கொஞ்சம் கரடுமுரடு. சில சொற்களை ஒருவரையொருவர் கேட்டுத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனால் கேள்விகளுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. வழக்கமாக வாயே திறக்காத இரண்டு பேர் திறந்தார்கள்.

டிசம்பர் வந்தது. படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது ஞானமலருக்கு ஒரு சிக்கல். நீலப் புத்தகத்தின் மொழிநடைக்கு ஐந்துக்கு ஐந்து. அச்சுக்கு ஐந்து. வீரம்மா கேட்ட கேள்வியை எந்தக் கட்டத்தில் போடுவது? அப்படி ஒரு கட்டம் இல்லை. படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். இடம் போதாமல் இன்னொரு தாள் எடுத்தாள். நான்கு பக்கம் ஆயிற்று. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு தான் இவ்வளவு எழுதியதே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

பிரிக்பீல்ட்ஸ் மாடி அறையில் டீச்சர் முதலில் தன் கருத்தைச் சொன்னார். நீலப் புத்தகம் முதலிடம். பெர்னிஸ் தன் புத்தகத்துக்கு மதிப்பெண் போடாமல் மற்ற இரண்டுக்கு மட்டும் போட்டிருந்தாள். அது ஞானமலருக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே இப்போது பேசுவது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீங்க சொல்லுங்க ஞானமலர்."

அவள் நான்கு பக்கத்தையும் வாசித்தாள். முதலில் அவசர அவசரமாக வாசித்தாள். 'அப்ப நான் திரும்பிப் போகணுமா' என்ற இடத்துக்கு வந்தபோது அவசரம் நின்றுவிட்டது. அதன் பிறகு அவள் தொழிற்சாலையில் அறிக்கை வாசிக்கிற குரலில் வாசித்தாள்.

பெர்னிஸின் முகம் சிவந்திருந்தது.

"ஒரு பாடத்துக்காகப் பன்னிரண்டையும் தள்ளணுமா சிஸ்டர்? மத்த பாடங்களை உங்க ஆளுங்களுக்கே பிடிச்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க."

"பிடிச்சுது. உங்க தமிழ் மாதிரி நான் எந்தப் புஸ்தகத்துலயும் பாத்ததில்ல. அதான் பிரச்சினையே. தமிழ் மோசமா இருந்திருந்தா நாங்க சிரிச்சுட்டு விட்டிருப்போம். நல்லா இருந்ததால நேரா உள்ள போயிருச்சு. கிள்ளான்ல நாங்க கூட இருந்தோம், பதில் தேடுனோம். பதினாலு சபையிலயும் யாரு தேடுவாங்க? எத்தனை வீரம்மா வாயைத் திறக்காம வீட்டுக்குப் போவாங்க?"

"ஆறாம் பாடத்தை விட்டுட்டுப் படிக்கச் சொல்லலாம்" என்றார் டீச்சர்.

"டீச்சர், ஓட்டைன்னு தெரிஞ்ச கிளவ்ஸைப் பெட்டில வெச்சு, 'இதைப் போட்டுக்காதீங்க'ன்னு சீட்டு எழுதி அனுப்ப முடியுமா?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறுத்தியது. ஆனால் டீச்சர் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தபடி இருந்தார்.

பெர்னிஸ் தன் கைப்பையிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்தாள். இருபத்தோராம் அதிகாரத்தைத் திறந்து மெதுவாகப் படித்தாள். முடித்ததும் புத்தகத்தை மூடினாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "அந்தப் பாடத்தை மொழிபெயர்க்கிறப்ப நானும் அங்க நின்னேன். ரெண்டு நாள் நகரல. என்னமோ உறுத்துச்சு. அப்புறம், ஆசிரியர் எழுதுனது அவர் பொறுப்பு, நம்ம வேலை மொழிதானேன்னு மேல போயிட்டேன். உங்க வீரம்மா கேட்டதை நானே கேட்டிருக்கணும்."

அதைச் சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனது வேண்டும் என்று ஞானமலருக்குத் தெரியும். அவள் எழுந்து போய் பெர்னிஸின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசைமேல் இருந்த தண்ணீர் போத்தலைத் திறந்து கொடுத்தாள்.

பெர்னிஸ் அன்றைக்கே பதிப்பகத்துக்கு எழுதினாள். ஆறாம் பாடத்தில் இருபத்தோராம் அதிகாரத்தையும் சேர்க்க அனுமதி கேட்டாள். பத்து நாளில் பதில் வந்தது. மூலத்தில் உள்ளதில் எதையும் மாற்ற இயலாது, வாழ்த்துகள். கமிட்டி மெலிந்த புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவள் பெர்னிஸ்.

"பதினோரு பாடம்தான் இருக்கு. வருஷத்துக்குப் பன்னிரண்டு வேணும்" என்றார் டீச்சர். பிறகு ஞானமலர் பக்கம் திரும்பினார். "ஆகாரைப் பத்தி ஒரு பாடம் எழுதுங்க. ரெண்டு அதிகாரமும் சேர்த்து."

"நான் எழுதுறதா? டீச்சர், எனக்கு மதிப்பிடத்தான் தெரியும்."

"நாலு பக்கம் எழுதிட்டு வந்து வாசிச்சீங்களே, அது என்ன?"

"எழுத்துப்பிழை, சந்திப்பிழை எல்லாம் நான் பாத்துக்கிறேன் அக்கா" என்றாள் பெர்னிஸ். அதுவரை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள்.

மூன்று வாரம் எடுத்தது. விளக்கவுரை ஒரு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. ஞானமலருக்கு விளக்கம் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை நோட்டிலிருந்து கேள்விகள் வந்தன. இருபத்தேழு கேள்விகளை எழுதி, குழுவில் கேட்டுப் பார்த்து, ஒருவரும் பேசாதவற்றையும் எல்லோரும் ஒரே பதில் சொன்னவற்றையும் அடித்தாள். கடைசியில் நான்கு மிஞ்சின.

முதல் தடவை ஆகார் ஓடினாள். இரண்டாம் தடவை என்ன நடந்தது? துரவு அங்கேயே இருந்தும் அது ஏன் அவள் கண்ணுக்கு முதலில் தெரியவில்லை? எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று தேவதூதன் அவளைக் கேட்டான். அந்தக் கேள்வியை உங்களிடம் கடைசியாகக் கேட்டது யார்? ஆகார் நம் சபைக்கு வந்தால் முதல் வாரம் நாம் அவளுக்கு என்ன செய்வோம்?

பெர்னிஸ் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து காரில் கிள்ளானுக்கே வந்து குழுவோடு உட்கார்ந்தாள். மூன்றாம் கேள்வியை, 'உம் வாழ்வின் பயணத்தை அக்கறையோடு விசாரித்தவர் எவர்?' என்று மாற்றினால் அழகாக இருக்கும் என்றாள்.

"விளங்குது சிஸ்டர்" என்றாள் வீரம்மா. "ஆனா அப்படிக் கேட்டா எல்லாரும் 'இயேசப்பா'ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க."

பெர்னிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். மூன்றாம் கேள்வி அப்படியே இருந்தது.

புத்தகத்தோடு செருகிவைக்க, நான்கு பக்கத் தாளாக அது அச்சானது. பாடத்தின் பெயர் 'துரவைக் கண்டவள்'. கடைசிப் பக்கத்தின் அடியில், 'எழுதியவர்: ஞானமலர் மாரிஸ். சோதித்துப் பார்த்தவர்கள்: கிள்ளான் மாதர் ஐக்கியம்' என்று சின்ன எழுத்தில் இருந்தது. மாரிஸ் அதைப் போனில் படமெடுத்துத் துறைமுக ஓட்டுநர்களின் குழுவில் போட்டான். வீரம்மா தன் பிரதியில் 'கிள்ளான் மாதர் ஐக்கியம்' என்ற இடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, கேண்டீன் அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தாளாம்.

மார்ச் மாதம், பாடம் எப்படிப் போகிறது என்று கமிட்டி ஆளுக்கொரு சபைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார் டீச்சர். ஞானமலருக்குச் செந்தூல் விழுந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்த சிறிய கூடத்தில் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடத்துகிறவர் சிரித்த முகத்தோடு, "கிள்ளான்லேருந்து ஒரு சிஸ்டர் வந்திருக்காங்க, பாக்குறதுக்கு" என்று மட்டும் சொல்லி அவளைப் பின்வரிசையில் உட்கார வைத்தார். அன்றைய பாடம் ஆகார்.

முதல் இரண்டு கேள்விகளும் நிதானமாக நடந்தன. மூன்றாவதில் ஒரு தடித்த அம்மாள், "என்னைய கடைசியா கேட்டது போலீஸ்காரன். ரோடு பிளாக்குல நிறுத்தி மலாய்ல இதையேதான் கேட்டான், 'டாரி மானா, நக் கெ மானா'ன்னு" என்றார். கூடமே அதிர்ந்து சிரித்தது.

"என் மாமியாரும் தினம் கேக்குறாங்க, எங்கேருந்து வர்ற, எங்க போறன்னு. அது சேருமா?" என்றாள் இன்னொருத்தி.

"அது விசாரணை லா. இது வேற."

"என்ன வேற? ரெண்டும் ஒரே வார்த்தைதானே?"

அதில் பிடித்துக்கொண்டார்கள். எந்தக் கேள்வி உளவு, எந்தக் கேள்வி அக்கறை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். குரல்கள் ஏறின. மூலையில் வெள்ளைச் சேலையில் இருந்த ஒரு பெண்மணி, அதுவரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல் சொன்னார்: "அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் என்னைய யாரும் கேக்கல. நான் எங்க போறேன்னு யாருக்கும் தெரிய வேண்டியிருக்கல."

பக்கத்தில் இருந்தவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு எங்க போறீங்க ஆன்டி?" என்று கேட்டாள். "பாசாருக்கு, மீன் வாங்க" என்றார் அவர். "நானும் வரேன்."

தடித்த அம்மாள் கண்ணைத் துடைத்தபடி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் சின்ன எழுத்து தெரியவில்லை போலும்.

"யாரும்மா இந்தக் கேள்வியை எழுதுனது? இத்தனை வருஷமா பாடம் படிக்கிறோம். இப்படி ஒருத்தரும் எங்களைக் கேட்டதில்லையே."

ஞானமலர் வழக்கமாக அந்த மாதிரி நேரத்தில் தரையைப் பார்ப்பவள். யாராவது புகழ்ந்தால், 'எல்லாம் கர்த்தர் கிருபை' என்று சொல்லிச் சமையலறைப் பக்கம் போய்விடுபவள். அன்று அவள் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல நேராக.

"நான்தான் எழுதுனேன்" என்றாள். "நானும் கிள்ளான்ல எங்க பதினொரு பேரும்."

பதினாறு தலைகளும் திரும்பின. நடத்துகிறவர் அவசரமாகத் தாளின் அடியைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ சிஸ்டர், சொல்லவே இல்லையே! முன்னாடி வாங்க, முன்னாடி வந்து உக்காருங்க." யாரோ நாற்காலி இழுத்துப் போட்டார்கள். யாரோ பால் விடாத தே ஓ தேநீர் கொண்டுவந்தார்கள். தடித்த அம்மாள், "எந்தக் காலேஜ் நீங்க?" என்று கேட்டார்.

"காலேஜ் எல்லாம் இல்ல ஆன்டி. கிளவ் பேக்டரி. கியூசி."

"அடேயப்பா" என்றார் அந்த அம்மாள். கேலியே இல்லாமல், முழுமனதோடு சொன்னார்.

ஞானமலர் வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தாள். முகம் சூடாக இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "இன்னும் நாலாவது பாக்கி இருக்கு. அதுதான் கஷ்டமானது" என்றாள்.